சுறாவுக்கு ஒரு சாட்சி

ஜெர்மனியின் வடகடலோரத்தில் இருந்த அந்தச் சின்னப் பட்டினத்துக்கு ஒரு குடா இருந்தது. குடாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. சட்டத்தின்படி குடாவுக்குள் சுறாக்கள் இருந்தன. அவற்றைத் தொடக்கூடாது, துரத்தக்கூடாது, தீனி போடக்கூடாது என்று கரையில் ஒரு பலகை நின்றது.

1987ஆம் ஆண்டுக் கோடையில், சுறாவோடு நீந்தாதவர் அங்கே பெரிய மனிதரே இல்லை என்றாகிவிட்டது. ஞாயிறுதோறும் பல்வைத்தியர், உறுதி எழுதும் நொத்தாரிசு, பாடசாலை அதிபர் எல்லோரும் கறுப்பு ரப்பர் உடுப்புக்குள் தங்களைத் திணித்து, முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி, கரையிலிருந்தே தாரா வாத்துப் போல நடந்து தண்ணீருக்குள் இறங்குவார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து ஏறி வந்து, “இன்றைக்குத் தண்ணீர் கலங்கல்” என்பார்கள். மூன்று வருடமாகக் கலங்கல்தான்.

அலோசியஸ் கரையிலிருந்த மரவாங்கில் உட்கார்ந்து இதைப் பார்ப்பான். மன்னார்ப் பேசாலையில் பதினாறு வருடம் மூச்சடக்கிச் சங்கு குளித்தவன். இங்கே அகதி விண்ணப்பக்காரன். வேலை செய்யக்கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. பார்க்கலாம்.

“அண்ணை, உவை கீழ என்னத்தைத் தேடுகினம்?”

பக்கத்திலிருந்த ஸ்ரீஸ்கந்தராஜா முன்பு மன்னார் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். ஜெர்மன் கடிதம் வாசிக்கத் தெரிந்ததால் அகதிகள் விடுதியான ஹைமில் அவர்தான் அரசாங்கம்.

“சுறா.”

“பிடிக்கவோ?”

“பாக்க.”

“பாத்துப்போட்டு?”

“பாத்தனாங்கள் எண்டு சொல்ல.”

அலோசியசுக்குச் சுறா என்றால் தேங்காய்ப்பூப் போட்டு வறுத்த வறைதான் ஞாபகம் வரும்.

ஆவணி மாதத்து ஞாயிறொன்றில் இறங்கியவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள், ஒருவரைத் தவிர. வெளிநாட்டவர் அலுவல்களைக் கவனிக்கும் கந்தோரின் தலைவரும் சுறாக் கழகத்தின் தலைவருமான ஹெர் ஹின்ரிக்ஸ். தூரத்தில் ஓரிடத்தில் மட்டும் குமிழி வந்துகொண்டிருந்தது. அது நகரவில்லை. பிறகு குறைந்தது. கரையில் நின்றவர்கள், யாரை அழைப்பது முறை என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அலோசியஸ் காற்சட்டையோடு பாய்ந்தான். கீழே ஒரு பழைய வலை, சிலிண்டரோடு சேர்த்து மனிதரைச் சுற்றியிருந்தது. வாரைக் கழற்றி, சிலிண்டரை வலைக்கே விட்டுவிட்டு, மனிதரை மட்டும் தலைமயிரில் பிடித்து மேலே கொண்டுவந்தான்.

செவ்வாய்க்கிழமை இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று கையால் எழுதிய நன்றி. மற்றது கந்தோருக்கு வரும்படி கட்டளை. இரண்டிலும் ஒரே கையெழுத்து.

ஹின்ரிக்ஸ் எழுந்து வந்து அலோசியசின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது. பிறகு மேசைக்கு அப்பால் போய் இருந்து, கண்ணாடியைப் போட்டார்.

“மாவட்ட எல்லை நீர்க்கரையோடு முடிகிறது. மேற்படி நபர் அனுமதியின்றி எழுபது மீற்றர் வெளியேறியுள்ளார்.”

“ஐயா அங்கதானே மூழ்கினவர்?” என்றான் அலோசியஸ்.

கூட வந்திருந்த ஸ்ரீஸ்கந்தராஜா மொழிபெயர்த்துக் கேட்டுச் சொன்னார். “அனுமதி கேட்டுப்போட்டு இறங்கியிருக்கலாமாம்.”

“ஆரிட்ட?”

“அவரிட்டத்தான். ஞாயிறு கந்தோர் பூட்டாம். திங்களுக்குச் சந்திக்கிறதுக்கு ஒரு டெர்மின் எடுத்திருக்கலாமாம்.”

இரண்டாவது குற்றம், சுறாக்களின் அமைதியைக் குலைத்தது. இங்கே ஹின்ரிக்ஸ் குரலைத் தாழ்த்தினார். மூன்று வருடமாகக் குடாவில் ஒருவரும் சுறாவைக் கண்டதில்லை. மாத முடிவுக்குள் ஒரு சாட்சி கிடைக்காவிட்டால் பாதுகாப்புப் போய்விடும். கழகமும் போய்விடும். “கண்டீர்களா?”

அலோசியஸ் கண்டது ஒரு லொறி ரயரும் ஹின்ரிக்சின் காலும்தான்.

“வடிவா யோசிச்சுச் சொல்லு,” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

“கண்டனான் எண்டா குழப்பினதாப் போயிடுமே?”

ஹின்ரிக்ஸ் யோசித்தார். சாட்சி என்பவர் சட்டப்படி அங்கே இருந்தவராக இருக்கவேண்டும். ஆகவே முந்தைய சனிக்கிழமைத் திகதியிட்டு, கடலுக்குள் எழுபது மீற்றர் போய்வர ஓர் அனுமதி எழுதி, முத்திரை குத்தினார். மை காயும்வரை அலோசியஸ் காத்திருந்தான்.

“ரெண்டு,” என்றான். “ரெண்டு முழம் வரும். பால்சுறா.”

ஹின்ரிக்ஸ் கோவிலில் நற்கருணை வாங்கியவர் போலக் கண்ணை மூடினார்.

பத்திரிகையில் வந்தது. உடனே பல்வைத்தியருக்குத் தானும் கண்டது ஞாபகம் வந்தது. நொத்தாரிசு மூன்று கண்டார், அதில் ஒன்று குட்டி. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நிபுணர் ஒன்றையும் காணாமல், சுறாக்களின் கூச்ச சுபாவம் பற்றி நாற்பது பக்கம் எழுதினார். மேலதிக சாட்சிகள் தேவை என்றதும் ஹைமே வரிசையில் நின்றது. கணுக்காலுக்கு மேல் கடலில் நனையாத ஸ்ரீஸ்கந்தராஜா, வாங்கில் இருந்தபடியே சுறாவின் முதுகுச் செட்டையைக் கண்டதாக மூன்று பிரதியில் கையெழுத்திட்டார். குடாச் சுறாக்களுக்கு நிரந்தரப் பாதுகாப்பு வழங்கப்பட்டது.

ஐப்பசியில் அலோசியசின் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வந்தது. ஊரில் அவன் வள்ளம் படையினரால் எரிக்கப்பட்டதற்கும் தம்பி கொண்டுபோகப்பட்டதற்கும் கண்கண்ட சாட்சி இல்லாதபடியால், நிராகரிக்கப்படுகிறது. ஹின்ரிக்ஸ் உண்மையாகவே வருந்தினார். “தனிமனிதனாக நான் நம்புகிறேன்,” என்றார். “இரண்டு வாரத்துக்குள் ஒரு சாட்சியின் கையெழுத்தோடு மேன்முறையீடு செய்யுங்கள்.”

அலோசியஸ் ஹைமுக்கு ஓடினான். வள்ளம் எரிந்த அன்று கச்சேரி அலுவலாகப் பேசாலைக்கு வந்து, முப்பது அடி தள்ளி, பனைக்குப் பின்னால் ஒளித்து நின்றவர் ஸ்ரீஸ்கந்தராஜா.

“அண்ணை, நீங்கள் கண்டனீங்கள்தானே?”

“ஓம். என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான். தம்பி உன்ர பேர் சொல்லிக் கத்தினவன்.”

“அப்ப ஒரு கையெழுத்து...”

ஸ்ரீஸ்கந்தராஜா அவன் நீட்டிய கடதாசியை நாலாக மடித்து அவன் கையிலேயே வைத்தார்.

“எழுத்தில ஏலாது, அலோசியஸ். என்ர கேசும் கந்தோரில கிடக்கு. பிறகு என்னையும் பிடிச்சுக் குடைவாங்கள்.”

அலோசியஸ் கடதாசியை விரித்துத் திரும்ப நீட்டினான். அவன் முகத்தைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது.

“சுறாவெண்டாச் சொல்லு,” என்றார் ஆறுதலாக, “இப்பவே போட்டுத்தாறன்.”