அதிபரோட குரலை நான் கெடுத்த கதை

எதையும் நம்பாதேனு புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குறது லேசு. ஓஎல் பரீட்சையில கணக்கு பெயிலான நானே ஒரே பாடவேளையில சொல்லிக் குடுத்துட்டேன். பொறகு ஒருநாள் உசுரு போற விசயத்த அதே புள்ளைகள நம்ப வைக்க வேண்டி வந்துச்சு பாருங்க, அதுதான் பெரும்பாடு.

கம்பளையில எனக்கு ஒரு போன் ரிப்பேர் கடை. அக்கா மலைச்சரிவுல இருக்குற ஒரு தமிழ் ஸ்கூல்ல டீச்சர். ஒம்பதாம் வகுப்புக்கு ஏ.ஐ. பாடம் எடுக்கணும், அது எப்புடி பொய்ப்படம் செய்யுதுனு வந்து காட்டுடானு கூப்புட்டா. "படம் மட்டும் போதும். ஒன் சேட்டைய வீட்டுலயே வச்சுட்டு வா"னும் சொன்னா. (அத வச்சுட்டு வந்தா நான் எதுக்கு? என் சட்டைய மட்டும் அனுப்பிருக்கலாமே.)

படத்தப் பாத்துப் புள்ளைங்க கொட்டாவி விட்டுச்சுங்க. எனக்கு மானம் போச்சு. ஸ்கூல் விளையாட்டுப் போட்டியில அவங்க அதிபர், அதான் ஹெட்மாஸ்டர், பேசுன வீடியோ என் போன்ல இருந்துச்சு. அக்கா தடுக்குறதுக்குள்ள அவரு குரலையே செஞ்சு ஓட விட்டேன். "அன்பான பெற்றோர்களே, மழை காரணமா நாளைக்குப் பாடசாலை இல்ல." தொண்டைக் கனைப்பு கூட அச்சு அசல். வகுப்பே மேசையில அடிச்சுச் சிரிச்சுச்சு.

"பாத்தீங்களா? போன்ல வர்ற எதையும் நம்பாதீங்க!"னு கைய ஒசத்திட்டு, பெரிய விஞ்ஞானி மாதிரி வெளிய வந்தேன். மீதிப் பாடம் அக்காவோடது. நம்பலைனா அடுத்து என்ன செய்யணும்ங்குற பாடம். அத அவ தொடங்குறதுக்குள்ள மணி அடிச்சுருச்சு.

அந்தக் குரல் எப்புடியோ பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போச்சு. ஊரே சிரிச்சுச்சு. அதிபர் சிரிக்கல. அக்காவ ஆபிசுக்குக் கூப்புட்டு ஏசிருக்காரு. அதோட அக்கா என்கூட பேசறத நிப்பாட்டிட்டா.

அடுத்த கிழமை மழை. ராவெல்லாம் ஊத்துனு ஊத்தி, விடியுற நேரம் எனக்கு ஒரு போன் கோல்.

"தம்பி, நான் அதிபர் பேசுறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஒம்பதாம் வகுப்புப் பயலுக என்கிட்டயே வேலையக் காட்டுறானுங்கனு நெனச்சேன். "டேய், குரல் நல்லாத்தான் வந்துருக்கு. தொண்டைய மட்டும் இன்னும் கொஞ்சம் கனைக்க விடு."

நான் அதோட விடல.

"எங்க, அன்பான பெற்றோர்களேனு சொல்லு பாப்போம்."

"தம்பி, ஸ்கூலுக்குப் பின்னால மண்மேடு வெடிச்சிருக்கு. புள்ளைகள அனுப்பாதீங்கனு குரூப்புல சொன்னா எல்லாரும் சிரிக்கிற பொம்மை போடுறாங்க. நான் போன் பண்ணுனா கட் பண்ணுறாங்க. ஒங்களால வந்தது. நீங்களே வந்து சொல்லுங்க."

திரும்பிப் பாத்தா, ஸ்கூலுக்குப் பொறப்பட்ட அக்கா கொடையோட நிக்கிறா. "அதிபர் சேர்கிட்டயாடா இப்புடிப் பேசுன?" ஒரு கிழமைக்குப் பொறகு என்கிட்ட பேசுன மொத வார்த்த அதுதான்.

கட்டுன சாரத்தோடயே பைக்க எடுத்தேன், அக்கா பின்னால. ஸ்கூலுக்கு ஏறுற பாதையில போய் நின்னோம். மேல பாத்தா மேட்டுல இருந்து சேத்துத் தண்ணி ஒழுகுது. கீழ பாத்தா ரியாஸ் நானாவோட ஸ்கூல் வேன், புள்ளைகள அடைச்சுக்கிட்டு ஏறி வருது.

குறுக்க பாஞ்சேன். "நானா, திருப்புங்க! மேடு சரியப் போவுது!"

நானா கண்ணாடிய எறக்குனாரு. "தம்பியா? இன்னைக்கு யாருட குரல்ல பேசுறீங்க?"

வேனே சிரிச்சுச்சு. அன்னைக்கு என் பாடத்துல முன்வரிசையில இருந்த கவிதா தலைய நீட்டுனா. "அண்ணா, நீங்கதானே எதையும் நம்ப வேணாம்னீங்க?"

"அது போன்ல வந்தாத்தான் தங்கச்சி! நான் நேர்ல நிக்கிறேன்!"

"நேர்ல மட்டும் நீங்க பொய் சொல்ல மாட்டீங்களா?"

(நியாயமான கேள்வி. இந்தப் புள்ளைய யாராவது பொலிஸ்ல சேத்து விடுங்க.)

எனக்கு அழுகை வந்துருச்சு. மழையில அதையும் யாரும் கண்டுக்கல. அக்காதான் வேன்கிட்ட போனா. "கவிதா, நீ இவன நம்பவும் வேணாம், பொய்யினு முடிவு பண்ணவும் வேணாம். எறங்கி வளைவு வரைக்கும் வந்து பாரு. நானா, நீங்களும் வாங்க."

மூணு பேரும் வளைவுல நின்னு மேல பாத்தாங்க. ஸ்கூலுக்குப் பின்னால மேட்ட அப்புடியே கத்தியால கீறுன மாதிரி ஒரு வெடிப்பு. நானா "யா அல்லாஹ்"னு ஓடிவந்து வேன ரோட்டுக்குக் குறுக்க போட்டாரு. அதுக்குப் பொறகு ஒரு வாகனம் மேல ஏறல.

முதல் பாடம் தொடங்குற நேரத்துக்கு மேடு எறங்குச்சு. லொறி லொறியா கல்லு கொட்டுற மாதிரி சத்தம். ஒம்பதாம் வகுப்புச் சுவரு உள்பக்கமா விழுந்து, மேசையெல்லாம் மண்ணுக்கடியில. நல்லவேள, உள்ள யாரும் இல்ல. கவிதா என் கையப் புடிச்சிருந்தா.

இப்ப அந்தப் பாடத்த அக்காதான் எடுக்குறா. போன்ல ஒண்ணு வந்தா திருப்பிக் கூப்புடு, இன்னொரு ஆள்கிட்ட கேளு, முடிஞ்சா போய்ப் பாரு. உதாரணத்துக்கு என்னைய நிக்க வைப்பா. நான் வாயத் தொறக்கக்கூடாது, அதுதான் கண்டிசன்.

வீட்டுல அத விட மோசம். கடையில வேல இருக்கு, வர லேட்டாகும்னு போன் எடுத்தா, அம்மா கட் பண்ணிட்டுத் திருப்பி எடுப்பாங்க. பொறகு பக்கத்துக் கடைக்காரருக்கு எடுத்துக் கேப்பாங்க. பொறகு வீடியோவப் போடச் சொல்லுவாங்க.

"அம்மா, அதான் மூஞ்சியே தெரியுதே! இன்னும் என்ன சந்தேகம்?"

அம்மாவுக்குப் பின்னால இருந்து அக்கா கத்துவா: "பேசுறது நீதான்னு தெரியுதுடா. அதனாலதான் சந்தேகமே!"