சம்பந்தி வீட்டில் நான் டம்மியான விவரம்

குன்னூர்

பெருமதிப்பிற்குரிய மச்சான் கந்தன் அவர்களுக்கு, தங்கள் தங்கை மாலதியின் கணவன் ராசு பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு குளிரும் நாங்களும் சௌக்கியம். தேவர்சோலையில் தாங்களும் அக்காவும் மழையும் எப்படி? போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

எங்கள் மகள் பிரியாவின் கல்யாணப் பேச்சை நான் கெடுத்துவிட்டதாகத் தங்கள் காதுக்கு வந்திருக்கும். கெடுக்கவில்லை. கெடுக்கப் பார்த்தேன், அவ்வளவுதான்.

பிரியா விரும்பிய பையனின் அப்பா செலஸ்டின், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா ரோஸ்மேரி, இங்கிலீஷ் டீச்சர். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலுள்ள வெலிங்டனில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். வேற மதம், வேற பழக்கம், பார்த்து நடந்துக்கங்கன்னு மாலதி வழியெல்லாம் சொல்லிட்டே வந்தா. நானும் பார்த்துத்தானுங்க நடந்தேன். சாப்பிட்டு முடிச்சதும் செலஸ்டின் சீட்டுக்கட்டை எடுத்து, பிரிட்ஜ் ஆடுவீங்களான்னு கேட்டார். எனக்குத் தெரிஞ்சது ரம்மி. ஆனா தேயிலை ஃபேக்டரியையே நடத்துற டீமேக்கரா இருந்தவன் தெரியாதுன்னு சொல்ல முடியுங்களா? கிளப்பில ஆடியிருக்கேன்னுட்டேன். கிளப்புக்கு நான் போனது டீத்தூள் கொடுக்க. செலஸ்டினும் பையனும் ஒரு கட்சி, நானும் ரோஸ்மேரியம்மாவும் ஒரு கட்சி. முதல்ல எத்தனை பிடி எடுப்போம்னு ஏலம் கேட்கணுமாம். என் முறை வர்றப்பெல்லாம் யோசிக்கிற மாதிரி மோவாயைத் தடவிட்டு 'பாஸ்'னேன். அந்தம்மா ஏறி ஏறிக் கேட்டு ஏலத்தை எடுத்துட்டாங்க. எடுத்துட்டு என்னைப் பார்த்து, சிரிச்ச முகமாச் சொல்றாங்க:

"சம்பந்தி, இனி நீங்க டம்மி. சீட்டை விரிச்சு வெச்சுட்டுப் பேசாம உட்காருங்க."

அந்த வார்த்தையோட எனக்கிருக்கிற பகை உங்களுக்குத் தெரியும். தொழிற்சங்கத் தேர்தல்ல தலைவர் மனு தள்ளுபடியானா உதவும்னு என்னை டம்மி வேட்பாளரா நிறுத்தினாங்க. வாபஸ் வாங்க மறந்தேன். கடைசியில என் ஓட்டையும் தலைவருக்கே போட்டேன். அப்புறம் ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஃபேக்டரியில எனக்கு அதுதான் பேரு.

எந்திரிச்சுட்டேன். "பொண்ணைப் பெத்தவன்னா டம்மிங்களா?"ன்னு கேட்டுட்டு வெளிய நடந்துட்டேன். பின்னாடியே ஓடி வருவாங்கன்னு மெதுவாத்தான் நடந்தேன். ஒருத்தரும் வரலை. மூடுபனியில பஸ் ஸ்டாப்பே வந்துருச்சு. குனிஞ்சு பார்த்தா ஒரு கால்ல என் செருப்பு, இன்னொரு கால்ல செலஸ்டினோடது.

கொஞ்ச நேரத்துல பிரியா ஸ்கூட்டர்ல வந்தா. கண்ணு கலங்கியிருந்தது. திட்டுவான்னு பார்த்தேன், திட்டலை. போனைத் திறந்து அந்த வார்த்தையோட ஜாதகத்தையே வாசிச்சா. ஊமைங்கிறதுக்கான இங்கிலீஷ் வார்த்தையிலிருந்து பிறந்ததாம். முதல்ல வாய் பேசாதவருக்குப் பேரு. அப்புறம் சீட்டாட்டத்துக்கு வந்து, துணிக்கடைப் பொம்மைக்கும், குழந்தை சப்புற ரப்பருக்கும் போயிருக்கு. பிரிட்ஜில ஏலம் எடுத்தவரோட கூட்டாளி சீட்டை விரிச்சு வெச்சுட்டுச் சும்மா இருக்கணும், ரெண்டு கையையும் அவரே ஆடுவார். கூட்டாளி சீட்டையும் நம்பித்தான் ஏலமே கேட்கிறது, அது ஒரு மரியாதைன்னு சொன்னா.

"நீங்க இல்லாம எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா. ஆனா கல்யாணம் வேணும்."

ஸ்கூட்டர்ல ஏறிட்டேன்.

திரும்பிப் போனா ஆட்டம் முடிஞ்சிருந்தது. நான் இல்லாமலே என் சீட்டு ஜெயிச்சிருக்கு. மன்னிப்புக் கேட்டுச் செருப்பைக் கழட்டி வெச்சேன். டம்மி எந்திரிச்சு நடக்கலாம், பஸ் ஸ்டாப் வரைக்கும் போக வேண்டியதில்லைன்னாங்க ரோஸ்மேரியம்மா. செலஸ்டின் சிரிச்ச சிரிப்புல எனக்கும் வந்துருச்சு. தை மாசம் நிச்சயம், சர்ச்சும் கோயிலும் ரெண்டும் உண்டு. எல்லாம் மாலதிதான் பேசினா. நான் வாயே திறக்கலை.

தாங்கள் குடும்பத்துடன் முன்கூட்டியே வந்து நடத்தித் தர வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சினன்
ராசு

பி.கு.: இதை மாலதி படித்துவிட்டுச் சிரித்தாள். சாப்பாட்டில் உட்கார்ந்ததிலிருந்து நான் தேயிலை வாட்டும் முறையை விளக்கிக்கொண்டே இருந்ததால் கல்யாணப் பேச்சை எடுக்கவே வழியில்லையாம். இவரைக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வைக்க முடியுங்களா என்று சமையலறையில் இவளே கேட்டிருக்கிறாள். அதற்கென்றே ஒரு ஆட்டம் இருக்கிறது என்றார்களாம் ரோஸ்மேரியம்மா. ஆகவே மேலே 'மரியாதை' என்று வரும் இடத்தை அடித்துவிட்டு வாசிக்கவும்.