ஆறு குப்பி காளான் சாறு

ஆயுத பூஜைக்கு இயந்திரங்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று, ஆய்வுக்கூடத்தின் ஃப்ரீசரையும் நிறுத்திச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார்கள்.

தேவிப்பிரியா பிளக்கைத் திரும்பச் சொருகப் போனாள். அலுவலகக் கண்காணிப்பாளர் விடவில்லை. மெயின் சுவிட்சுக்கே பூட்டுப் போட்டாயிற்று, நாளை மறுநாள் காலையில் கற்பூரம் காட்டித்தான் திறப்போம், முறை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று அவளிடமே கேட்டார்.

ஃப்ரீசருக்குள் ஆறு குப்பிகள் இருந்தன. மட்கிய பனங்கட்டையில் முளைத்த ஒரு காளானின் சாறு. அதைத் தோல் புற்றுநோய்ச் செல்களில் விட்டால் செல்கள் சாகின்றன என்று சென்னையில் ஒருமுறை சோதித்து எழுதியிருந்தார்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள்தான். மனிதர் மேல் யாரும் தடவிப் பார்த்ததில்லை. பேராசிரியர் தெய்வநாயகத்தின் பெயர், பதவி, மேடைப் பேச்சு எல்லாம் அந்த ஆறு குப்பிகளுக்குள் இருந்தன. ஆனி மாதம் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்.

"குப்பியத் தொறக்கக் கூடாது. மோந்துகூடப் பாக்கக் கூடாது. உருகுச்சுன்னா உன் வேலை போச்சு."

அவரோ பூஜைக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். செல்போனை எடுக்கவில்லை.

குருசுக்குப்பத்து மீனவர் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் தேவிப்பிரியா. ஒரு பொருள் கெடாமலிருக்க அந்த வீட்டுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அப்பாவின் மீன் பெட்டியில் ஐஸை உடைத்துக் கொட்டி, கல்லுப்பைத் தூவி, குப்பிகளைப் புதைத்து, சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"இன்னா பாப்பா, வஞ்சிரமா?" என்றார் அப்பா சின்னக்கண்ணு.

"மருந்து நைனா. தோல் கேன்சருக்கு."

குத்திக் காட்டத்தான் சொன்னாள். அவருடைய இடது காதுக்குப் பின்னால் ஆறு மாதமாக ஒரு கறுத்த புண். விளிம்பு கோணல்மாணலாக இருந்தது. துண்டு பட்டாலே ரத்தம் கசிந்தது. கொஞ்சம் வெட்டியெடுத்துப் பரிசோதிப்பார்கள், அவ்வளவுதான், ஆஸ்பத்திரிக்கு வா என்று தினமும் கத்தினாள். சுனாமியில் படகோடு போய்ப் படகோடு திரும்பிய மனிதர், கத்தி என்றதும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைப் பக்கம் ஓடினார். காதை அறுத்துவிட்டால் பீடியை எங்கே சொருகுவது என்று சிரிப்பார்.

மறுநாள் காலையில் ஒரு குப்பி காலி.

"தேச்சுக்கிட்டேன். லேசா எரியுது. எரிஞ்சா புடிக்குதுன்னு அர்த்தம்."

தேவிப்பிரியா அவரைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போனாள். அது மருந்தா விஷமா என்று யாருக்கும் தெரியாது. புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அது வாய் பிளந்து ரத்தம் கொட்டியது. பஞ்சை வைத்து அழுத்தியபடியே குப்பியைப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்த துளி செம்பழுப்பு நிறம். அடுப்பில் அம்மா வைத்திருந்த பால் ஊற்றாத டீயும் அதே நிறம். வடிகட்டி ஊற்றி, மூடியை இறுக்கி, ஐஸில் புதைத்தாள். மறுநாள் மெயின் சுவிட்சைத் திறந்ததும் ஆறையும் ஃப்ரீசரில் திரும்ப வைத்துவிட்டாள். ஆறில் ஒன்றுதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தாள். திருடுகிறவர்கள் எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அப்பாவுக்கு விஷம் ஏறுகிறதா என்று ஒரு வாரம் அவர் கண்ணையும் நாக்கையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. எட்டாம் நாள் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துப் புண்ணை அளந்தாள். பதினொரு மில்லிமீட்டர் இருந்தது இப்போது பத்து.

ஒரு மில்லிமீட்டர் என்பது கை நடுக்கமாகவும் இருக்கலாம் என்று எம்.எஸ்சி. படித்தவளுக்குத் தெரியும். சின்னக்கண்ணுவின் மகளுக்கு அது தெரியவில்லை.

இருந்தும் ஆஸ்பத்திரிக்கு வா என்றாள்.

"ஆறிக்கினு வருதே. உன் மருந்து மேல உனக்கே நம்பிக்கை இல்லியா?"

மறுநாள் ஃப்ரீசரிலிருந்து இரண்டாவது குப்பியைக் கொண்டுவந்தாள். அந்த இடத்தில் டீ போய் உட்கார்ந்தது. தீபாவளிக்குள் நான்கு குப்பிகள் ஆயின. ஐந்தாவதை எடுத்த அன்று மேல் வீட்டுப் பச்சையம்மாள் சேற்றுப்புண் காலை நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அப்பா குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். இன்னும் நாலு பேர் பின்னால் வருகிறார்களாம். அவர்களை விரட்டியதில், படிச்ச திமிர் என்று தெருவே பேசியது. பேசிக்கொள்ளட்டும். அப்பாவின் புண் ஒன்பது மில்லிமீட்டருக்கு வந்திருந்தது. ஆறாவது குப்பியும் அவர் காதுக்குப் பின்னால் போனது.

அப்போதுதான் பாரிசிலிருந்து கடிதம் வந்தது. அங்கே பெரிய ஆய்வுக்கூடத்தில் இருக்கும் மதாம் ஏஸ்தெல் திங்கட்கிழமை நேரில் வருகிறார். சாற்றைப் பிரித்து, எந்தப் பொருள் புற்றைக் கொல்கிறது என்று பார்க்கப்போகிறார்கள். ஆறு குப்பிகளும் வேண்டும்.

கடிதத்தைப் படித்த தெய்வநாயகத்தின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மழை முடியட்டுமே, தையில் வரட்டுமே என்று இரண்டு முறை போன் செய்தார். மதாம் டிக்கெட் எடுத்துவிட்டார். அதன் பிறகு பேராசிரியர் மணிக்கு ஒருதரம் ஃப்ரீசர் பக்கம் வந்து நிற்பதும், தேவிப்பிரியாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதுமாக இருந்தார். கண்டுபிடித்துவிட்டார் என்றே அவள் நினைத்தாள். வேலை போகும். போலீஸ் வரும். வீட்டுக்கு வந்து கேட்டால் அப்பா பெருமையாகக் காதைத் திருப்பிக் காட்டுவார்.

திங்கட்கிழமை மதாம் ஏஸ்தெல் வந்தார். புதுச்சேரியில் பிறந்து பிரான்சில் வளர்ந்த அம்மாள். ஒரு குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "த்ரே பியேன், ரொம்ப நல்லாருக்கு நெறம்" என்றார். பேராசிரியர் கையிலிருந்த தண்ணீர் கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. தேவிப்பிரியா சில்லைப் பொறுக்கும் சாக்கில் குனிந்துகொண்டாள். அவரும் குனிந்துகொண்டார். இரண்டு பேரும் மேசைக்கடியில் ஒருவரையொருவர் பார்க்காமல் வெகுநேரம் கண்ணாடி பொறுக்கினார்கள்.

குப்பிகள் ஐஸ் பெட்டியில் ஏறிக் காரில் போய்விட்டன.

தேவிப்பிரியா பாத்திரம் கழுவும் அறைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து அழுதாள். இருபது வருடமாக அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிற ராஜாம்பாள் என்ன ஏது என்று கேட்டாள். அடக்கி வைத்தது எல்லாம் கொட்டிவிட்டது. ஆயுத பூஜை, ஐஸ் பெட்டி, டீ, ஸ்கேல், எதையும் விடவில்லை.

"வேலை போனாப் போவுதுக்கா. ஆறு குப்பியும் தீந்துபோச்சு. இனிமே நைனாவுக்குத் தடவ ஒண்ணும் இல்ல. இன்னும் ரெண்டு இருந்தா முழுசா ஆறிடும். சார்கிட்ட அந்தக் காளான் மிச்சம் இருக்கான்னு நீ கேட்டுச் சொல்றியா?"

ராஜாம்பாள் குழாயை மூடினாள். கதவை எட்டிப் பார்த்துவிட்டு, ஈரக்கையால் அவள் தலையைத் தடவினாள்.

"போன வருச மழைக்கு மூணு நாள் கரண்டு இல்லாம அந்தச் சாறெல்லாம் அழுவி நாறிப்போச்சு, சார் பயந்துபோயி ஒன்னமாரியே இங்கதான் நின்னு அழுதாரு, நான்தான் போட்டு ஊத்திக் குடுத்தேன், பயப்படாத கண்ணு, நீ டீயை எடுத்துட்டு டீயைத்தான் ஊத்தியிருக்க."