இருக்கிறீரா, புகைமலை?

புகைமலைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த ஐந்தாம் லயத்தின் கூரைத் தகரங்களை வைகாசிக் காற்று கொண்டுபோன அதே கிழமையில்தான் அத்தோட்டத்து ஆபீசுக்குக் கம்பியூட்டர் வந்து சேர்ந்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே யாதொரு தொடர்பும் இல்லையென மேலிடம் பின்னர் எழுத்து மூலம் அறிவித்தது.

அது எண்பத்தாறாம் வருஷம். டயகமவில் பஸ்ஸை விட்டு இறங்கி, இன்னும் மேலே மூச்சு வாங்க ஏறினால்தான் புகைமலை. கொழும்பில் உட்கார்ந்தபடியே தோட்டங்களை நிர்வகிக்கலாம், சேற்றில் கால் வைக்கவே வேண்டாம் என்று வெளிநாடு போய்வந்த பெரியவர் ஒருவர் சொல்லியிருந்தார். சேறு விஷயத்தில் மேலிடத்துக்கு நெடுநாளாகவே மனக்குறை உண்டு. யோசனை உடனே ஏற்கப்பட்டது.

பெட்டியைப் பொறுப்பேற்றவர் பெரிய கிளாக்கர் கஸ்பர். அவருக்குப் 'பதில் கடமைத் தொலைத்தொடர்பு இணைப்பாக்க அலுவலர்' என்று பட்டம் கொடுத்தார்கள். சம்பளம் பழையதுதான். கல்யாணத்தன்று கட்டிய டையைத் தேடியெடுத்துக் கட்டிக்கொண்டு, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் அவர் பெட்டியின் முன்னால் போவார். மாதா சொரூபத்தின் முன்னால்கூட மனுஷன் இவ்வளவு பணிவாக நின்றதில்லை என்று அவர் மனைவி ஐவி சொல்வாள்.

ஆபீசில் இருந்த ஒரே டெலிபோன் கம்பியைக் கழற்றிப் பெட்டியில் மாட்டினார்கள். ஆகவே டெலிபோன் பேசுவது நின்றது. இனி விண்ணப்பங்கள் யாவும் கம்பியூட்டர் வழியாகவே வரவேண்டும், கடிதங்கள் ஏற்கப்படமாட்டா என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அது தபாலில் வந்தது.

தினமும் காலையில் கொழும்புப் பெட்டி கேட்கும்: "இருக்கிறீரா, புகைமலை?" கஸ்பர் தட்டுவார்: "இருக்கிறேன்." பதில் எவ்வளவு வேகமாக வந்தது என்று கொழும்பு அளந்துகொள்ளும். கம்பி நலமாக இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி பேர் கூப்பிட, ஆட்கள் "இருக்கேங்க" என்று குரல் கொடுப்பது போலத்தான். அதனால் தோட்டத்தில் யாருக்கும் இது பெரிய அதிசயமாகப் படவில்லை.

ஐந்தாம் லயத்தின் கடைசி அறையில், கடைசிக் காம்பிராவில், இருந்தவள் மீனம்மா. மகள் ராக்காயி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாசம் நடந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே உரச் சாக்கும் வானமும்தான் இருந்தன. ஸ்டோரில் புதுத் தகரம் அடுக்கடுக்காகக் கிடந்தது, ஆனால் கொழும்பின் அனுமதியில்லாமல் ஒரு தகரமும் வெளியே வராது.

மீனம்மா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள்.

"ஐயா, தகரத்தப் பத்தி கேட்டீங்களா?"

"மொதல்ல கம்பி நல்லா இருக்கான்னு பாக்கணும் மீனம்மா."

"நல்லா இருக்குங்களா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"அப்பக் கேளுங்களேன்."

"கேட்டாக் கம்பி அந்த வேலையில மாட்டிக்கும். அப்புறம் நல்லா இருக்கான்னு எப்படிப் பாக்குறது?"

இந்தக் கணக்கு புரியும் அளவுக்கு மீனம்மா படித்தவள் இல்லை. போய்விட்டாள். ஆனால் கஸ்பர் ஈவிரக்கமில்லாத ஆள் அல்ல. அன்றே தகர விண்ணப்பத்தைத் தட்டி அனுப்பினார். மறுநாள் கொழும்பிலிருந்து பதில் வந்தது: "இருக்கிறீரா, புகைமலை?" மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் அதே விசாரிப்பு.

இதற்கிடையில் தோட்டத்தில் இது ஒரு நாகரிகமாகப் பரவிவிட்டது. கணக்கப்பிள்ளை யாரிடமும் நேரே விஷயத்துக்கு வருவதில்லை. முதலில் "இருக்கீங்களா?" என்பார், "இருக்கேன்" என்று கேட்டதும் திருப்தியோடு போய்விடுவார். டிஸ்பென்சரியில் பொன்னையா டாக்டரும் நோயாளியைப் பார்த்து "இருக்கியா?" என்றார். இருக்கேங்க என்று குரல் வந்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். குரல் வராதவர்களைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மருந்துச் செலவு வெகுவாகக் குறைந்ததாக மேலிடம் பாராட்டியது.

விண்ணப்பம் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்கக் கடைசியில் ஓர் அதிகாரி புறப்பட்டார். பேர் மரியநாயகம், பதவி பாதைப் பரிசோதகர். அவர் நேரே வரவில்லை. பொல்பிட்டியவில் நின்று, "இதுவரை வந்தாயிற்று" என்று கொழும்புக்குச் சொல்லி, பதில் வரும்வரை ரெஸ்ட் ஹவுசில் காத்திருந்தார். பிறகு ஹட்டன். பிறகு தலவாக்கலை. ஒவ்வொரு ஊரிலும் அதே அறிவிப்பு, அதே காத்திருப்பு, சாப்பாடு. அவர் புகைமலைக்கு வந்து சேர்ந்தபோது ஆனியும் பாதி முடிந்திருந்தது.

"மிஸ்டர் கஸ்பர், ஒங்க விண்ணப்பம் எல்லா ஊரையும் தாண்டி ஒழுங்காக் கொழும்புக்குப் போய்ச் சேருது. பாதையில ஒரு பிழையும் இல்ல."

"அப்பப் பதில், சேர்?"

"நாங்க பாதையப் பாக்குற பகுதி. கொழும்புல யாராச்சும் வாசிக்கிறாங்களான்னு பாக்குறது வேற பகுதி."

"அந்தப் பகுதிக்கு எழுதட்டுங்களா?"

"அது இன்னும் தொறக்கல."

பிறகு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வித்தை காட்டினார். தமது ரகசியச் சொல்லைத் தட்டினால், புகைமலையில் இருந்தபடியே கொழும்புப் பெட்டிக்குள் நுழைந்து, அங்கே இருப்பவரைப் போல வேலை செய்யலாமாம். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் கூரையிலிருந்து ஒரு சொட்டு மழைநீர் பெட்டியின் மேல் விழுந்தது. மரியநாயகத்தின் முகம் வெளுத்துப் போனது. விரல்கள் பறந்தன. கம்பியூட்டர் இருக்கும் கட்டடம் முழுவதற்கும் உடனடியாகத் தகரம் வழங்கும்படி அவரே கேட்டு, கொழும்புக்குள் புகுந்து, அவரே அனுமதித்துக்கொண்டார். ஒரு பீடி பற்றவைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

ஜன்னலில் நின்ற மீனம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, அப்படியே எங்க லயத்துக்கும் ஒரு தட்டு தட்டிருங்களேன். புள்ளத்தாச்சி நனையுதுங்க."

"எனக்கு அதிகாரம் இல்லம்மா. கம்பியூட்டர் இருக்குற கட்டடத்துக்கு மட்டுந்தான்."

"அப்பப் பொட்டிய எங்க காம்பிராவுக்குத் தூக்கியாந்துருங்க."

கஸ்பருக்குச் சிரிப்பு வந்தது. மரியநாயகத்துக்கு வரவில்லை. அவர் பிறந்தது அடுத்த தோட்டத்து லயக் காம்பிரா ஒன்றில். கொழும்பில் அது யாருக்கும் தெரியாது, தெரியாமல் இருக்க அவர் நிறையப் பாடுபட்டிருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பாமல் விதிகளைப் புரட்டினார், தொண்டையைச் செருமினார்.

"தடையொன்னும் எழுதியில்ல," என்றார்.

மறுநாள் பெட்டி தேர் போல ஊர்வலம் போனது. ஆபீஸ் பையன் அழகன் முன்னால் கம்பியைத் தூக்கிக்கொண்டு நடந்தான், பின்னால் கஸ்பர் பெட்டிக்குக் குடை பிடித்தார். லயம் ஒரே நீளக் கட்டடம். ஆகவே ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை எல்லாக் காம்பிராவுக்கும் தகரம் அடித்தார்கள். ராக்காயி உலர்ந்த பாயில் படுத்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு உருப்படியான காரியம் செய்துவிட்டோம் என்று கஸ்பருக்கு நெஞ்சு நிறைந்தது. அன்று அவர் டையைக் கழற்றிவிட்டு மீனம்மா கொடுத்த பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியைக் குடித்தார்.

அடுத்த கிழமை சுற்றறிக்கை வந்தது. தபாலில்தான்.

கம்பியூட்டர் வைக்கப்பட்டுள்ள கட்டடத்தினுள் அடுப்பெரித்தல், ஈரத்துணி உலர்த்துதல், பிள்ளை பெறுதல் ஆகியன முற்றாகத் தடைசெய்யப்படுகின்றன. அக்கட்டடத்தில் தங்கியிருக்கும் மனிதர்கள் பொருத்தமான மாற்றிடத்துக்கு அகற்றப்பட வேண்டும்.

மாற்றிடம் என்று தோட்டத்தில் காலியாக இருந்தது பழைய ஆபீஸ் ஒன்றுதான். அதற்கு ஒதுக்கிய தகரமெல்லாம் லயத்துக்குப் போய்விட்டதால் அது முன்னைவிட நன்றாக ஒழுகியது. சுற்றறிக்கையைப் பெரட்டில் வாசித்துக் காட்ட வேண்டியவர் கஸ்பர். வாசிக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் அவருக்குப் பென்ஷனுக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது. டையைக் கட்டிக்கொண்டு, தலை நிமிராமல், கடைசிவரை வாசித்தார்.

ஐந்தாம் லயத்து ஜனம் சட்டி பானையோடு ஆபீசுக்குப் போனது. மீனம்மாவின் காம்பிராவில் பெட்டிக்குக் கால் குளிராமல் இருக்கப் பச்சைக் கம்பளம் விரித்தார்கள். அந்த மழையில் ராக்காயிக்கு ஆபீஸ் மேசைமேல் பிள்ளை பிறந்தது.

மறுநாள் காலையில் கங்காணி, "மீனம்மா!" என்று கூப்பிட்டார்.

"இருக்கேங்க."

அதே நேரம் கொழும்பு, "இருக்கிறீரா, புகைமலை?" என்று கேட்டது. கஸ்பர் கம்பளத்தில் வெறுங்காலோடு நின்று, "இருக்கிறேன்" என்று தட்டினார். பதில் வந்த வேகம் மிகத் திருப்திகரமாக இருந்ததாகவும், நாட்டிலேயே சிறந்த இணைப்பு புகைமலையினுடையது என்றும் மேலிடம் அறிவித்தது. பாராட்டுப் பத்திரத்தைக் கஸ்பர் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஐவி அதைப் பார்க்கவில்லை. அடுப்பில் கண்ணாக இருந்தவள், "என்னங்க, அந்த மீனம்மா மக எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கா," என்றார் கஸ்பர், கொஞ்சமும் தாமதிக்காமல்.

ஐவி திரும்பிப் பார்த்தாள். "இருக்கான்னு தெரியும். எப்படி இருக்கா?"

கஸ்பர் பாராட்டுப் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பழைய ஆபீசைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்திருந்தார். அங்கே பிள்ளை அழுதது காதில் விழுந்தது. அழுகிறதே, இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்துவிட்டிருந்தார்.