கரவெட்டிப் பைலட்

"காய்ச்சல் ஆருக்கு, உங்களுக்கோ?"

"இல்லைப் பிள்ளை, மனுசிக்கு. நான் உதில ஏறினா அவவுக்குக் காய்ச்சல் வந்திடுமாம்," என்று சொல்லிவிட்டு, இன்று ஏறுவதாக ஒப்புக்கொண்டிருந்த சவிரிமுத்து போனை வைத்துவிட்டார்.

பிரெஞ்சு பேசும் நகரமொன்றின் லாசால் பகுதியில், ஒரு கடைத்தொகுதியின் மொட்டைமாடியில் நிரஞ்சலா நின்றுகொண்டிருந்தாள். எதிரே, டோர்வல் விமான நிலையத்தில் இருந்து அதிகாலையிலேயே ஆளில்லாமல் பறந்து வந்த மின்சார டாக்சி நின்றது. தானே ஏறும், தானே பறக்கும், தானே இறங்கும். அந்த மாடியை நகரத்தின் முதலாவது இறங்குதளமாக்கும் திட்டத்தை வரைந்தவள் அவள். இன்று அனுமதி கிடைக்காவிட்டால் திட்டமும் இல்லை, அவளுடைய வேலையும் இல்லை.

அனுமதி தரும் நகரசபைக் குழு போட்டது ஒரே ஒரு நிபந்தனை. எழுபது வயது தாண்டிய உள்ளூர்வாசி ஒருவர் அதில் ஏறி ஆற்றுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். முதியவர்கள் ஏறுவார்களா என்பதுதான் அவர்களின் சந்தேகம்.

குழுவினர் இன்னும் கால்மணி நேரத்தில் வந்துவிடுவார்கள். பக்கத்துத் தெருவில், எழுபது தாண்டி, இந்த நேரத்தில் சும்மா இருக்கிற ஒரே மனிதர் அவளுடைய மாமனார் கதிர்காமத்தம்பி. ஆனால் அவரோ, சாரதி இல்லை என்பதற்காகவே புது ரயிலில் ஏறாமல் பஸ் மாறி மாறிப் போகிறவர்.

வேறு வழியில்லை. அழைத்தாள். கோட்டும் மப்ளருமாக அவர் வந்து டாக்சியைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை ஓட்டுறது?"

"பைலட் இருக்கிறார் மாமா. அந்தத் தடுப்புக்கு அங்கால."

உண்மையில் தடுப்புக்கு அப்பால் இருந்தவை பற்றரிகள்.

"வெள்ளைக்காரனோ?"

"இல்லை, எங்கட ஆள்தான்." அவர் முகம் மலரட்டும் என்று சொன்னது. மலர்ந்தது.

"என்ன பேர்?"

"ஸ்ரீதரன்."

"ஊர்?"

"கரவெட்டி," என்றாள், வாயில் வந்ததை.

"கரவெட்டியில ஆரின்ர மகன்?"

"மாமா, நேரமாகுது, ஏறுங்கோ!"

ஏறி உட்கார்ந்தவர் தடுப்பைத் தட்டினார். "தம்பி, சுகமே?"

"ஓடுற நேரத்தில பைலட்மார் கதைக்கக் கூடாது. சட்டம்," என்றாள் நிரஞ்சலா.

அதற்குள் குழுவின் தலைவி மதாம் லவுவா வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. மாமாவுக்கு bonjour, merci தவிரப் பிரெஞ்சு தெரியாது. இடையில் நிரஞ்சலா.

"பைலட் இல்லாமல் பறக்க இவருக்குப் பயமில்லையா?" என்று மதாம் பிரெஞ்சில் கேட்டார்.

"பைலட்டில உங்களுக்கு நம்பிக்கை இருக்கோ எண்டு கேக்கிறா, மாமா."

"கரவெட்டிப் பொடியன் எண்டா பிறகென்ன பயம்!"

"இயந்திரத்தை முழுமையாக நம்புகிறாராம்," என்று நிரஞ்சலா மொழிபெயர்த்தாள். குழுவினர் தலையாட்டினார்கள்.

கதவு மூடியது. டாக்சி மேலெழுந்து ஆற்றை நோக்கிப் போனது. உள்ளே பேசுவது மாடியில் இருந்த ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"அடேயப்பா, கமலாவதி பாத்தாளெண்டா!" என்று மாமியை நினைத்துக்கொண்டது மாமாவின் குரல்.

ஆறு பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் இடத்துக்கு மேலே போனதும் பலத்த காற்று வீசியது. டாக்சி ஒரு பக்கம் சரிந்து, நிமிர்ந்து, அப்படியே நடுவானில் நின்றது.

நிரஞ்சலா ஒதுங்கிப் போய், டோர்வலில் கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறியியலாளர் துஷாந்தினியை அழைத்தாள்.

"துஷி, ஏன் நிக்குது?"

"இப்ப கதைக்கேலாது அக்கா!" போன் துண்டிக்கப்பட்டது.

"தம்பி ஸ்ரீதரன்! ஏன் நிப்பாட்டினனி?" ஒலிபெருக்கி அலறியது.

"ஸ்ரீதரன் யார்?" மதாம் திரும்பினார்.

"அவருடைய கடவுள், மதாம். விஷ்ணுவின் பெயர். பிரார்த்தனை செய்கிறார்."

"டேய் ஸ்ரீதரன்! உனக்குக் காது கேக்கேல்லையோ!"

"கடவுளைத் திட்டுகிறாரா?"

"நாங்கள் கடவுளோடு கொஞ்சம் உரிமையோடு பேசுவோம்," என்றாள் நிரஞ்சலா. அந்த மனுசன் கீழே விழுந்தால் தன் கணவனுக்கு என்ன சொல்வாள்?

டாக்சி மெல்ல அசைந்தது. குலுங்கிக் குலுங்கித் திரும்பி வந்து, மாடியில் பூப்போல இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். மதாம் லவுவா மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சாரதியே இல்லாமல் இவ்வளவு பாதுகாப்பா! அனுமதி உண்டு," என்றார்.

"பொடியனைப் புகழுறா என்ன?" மாமா பெருமையோடு கேட்டார்.

"ஓம் மாமா."

குழு இறங்கிப் போனது. அதுவரை போனில் கதைத்துக்கொண்டிருந்த மாமா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "பைலட்டை வெளியால வரச்சொல்லு. இரவுச் சாப்பாட்டுக்கு நண்டுக் கறி வைக்கச்சொல்லி இப்பதான் கமலாவதிக்குப் போன் அடிச்சனான்."

"அவர்... அடுத்த ஓட்டத்துக்குப் போகவேணும்."

"பேந்தெண்டாலும் வரட்டும். தங்கச்சி ஞானாம்பிகைக்கும் சொல்லிப்போட்டன். அவளின்ர பெட்டைக்கு மாப்பிள்ளை தேடினம். இப்பவே படம் கேக்கினம்."

நிரஞ்சலாவுக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. அவரைக் கீழே கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்ரீதரன் இல்லை. பைலட்டே இல்லை. ஒருவரும் ஓட்டவில்லை.

கதிர்காமத்தம்பி காரில் சாய்ந்துகொண்டார்.

"ஒருத்தருமே இல்லாமலோ என்னைத் தண்ணிக்கு மேல விட்டனி?" என்றார். "கேட்டிருந்தா வரமாட்டன் எண்டுதானே சொல்லியிருப்பன். அதைச் சொல்லக்கூட விடேல்லையே, பிள்ளை."

நிரஞ்சலா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது போன் அடித்தது. துஷாந்தினி.

"அக்கா, மாமா பயந்திட்டாரோ? அந்தக் காத்தில எனக்குக் கையெல்லாம் நடுங்கிப்போச்சு."

"தானாப் பறக்கிறதுக்கு உன்ர கை ஏன் நடுங்கவேணும்?"

துஷாந்தினி குரலைத் தாழ்த்தினாள்.

"ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு டிரெக்டர் சொன்னவர், அக்கா. கம்ப்யூட்டர் காலமையே படுத்திட்டுது. ஏத்தினது, சுத்தினது, இறக்கினது எல்லாம் இஞ்ச இருந்து நான்தான்."