ஞாயிற்றுக்கிழமை கட்டிய கோவில்

பிரிக்பீல்ட்ஸ்,
சனிக்கிழமை, 1934.

காஜாங் மாமா அவர்களுக்கு எபநேசர் எழுதிக்கொள்வது. கர்த்தருக்குள் தோத்திரம். இங்கே என்னைத் தவிர யாவரும் சுகம். அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா?

நம் பிரெஸ்பிட்டேரியன் கோவிலின் இருபத்தைந்து வருஷச் சரித்திரத்தை எழுதச் சொல்லி என்னைச் சபை மூப்பர்களிடம் மாட்டிவிட்டு நீங்கள் மாற்றலாகிப் போய்விட்டீர்கள். கோவிலைக் கட்டியது யார் என்று கேட்டால், ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகள் ஒவ்வொருவரும் தங்கள் தகப்பனார்தான் என்கிறார்கள். "எங்கய்யா தலையில மண் சுமந்தாரு" என்கிறார் மூப்பர் அருமைநாயகம். அந்த ஐயா தன் குடையையே ஆள் வைத்துப் பிடித்தவர். கடைசியில் தண்டவாளக் கூலி சின்னையா அண்ணன்தான் உண்மையைச் சொன்னார். "நாங்கதான் தம்பி கட்டுனோம், கூலி லயத்து ஆளுங்க. ஞாயித்துக்கிழமதான் லீவு. அன்னிக்குத்தான் செங்கல் தூக்குனோம், ஓடு போட்டோம்."

அப்படியே எழுதி மூப்பரிடம் காட்டினேன். வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி ஆனார்.

"ஓய்வுநாள்லயா கட்டுனாங்க? வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் படிச்சா என்னாகும்? வெட்டுப்பா."

"அப்ப எந்தக் கிழமைன்னு போட, ஐயா?"

"கிழமையே வேணாம். கர்த்தர் கட்டினார்னு போடு."

கர்த்தர் என்றால் முன் பெஞ்சில் இடம் கேட்கமாட்டார் பாருங்கள். வயிறு எரிகிறது மாமா, இப்போது ரயில்வேயில் சில ஞாயிறும் கூலிகளை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகாவிட்டால் சீட்டுக் கிழியும், போனதற்காகச் சின்னையா அண்ணனுக்கு இராப்போஜன அப்பம் கிடையாது என்று மூப்பர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், தான் கட்டின சுவருக்குள்ளேயே அந்த மனுஷன் பின்வாசல் பாயில் உட்கார்ந்து மற்றவர்கள் அப்பம் எடுப்பதைப் பார்க்கிறார், ஞாயிறு டிக்கெட் விற்கிற கிராணிகளுக்கோ தடையே இல்லை, ஏனென்றால் அது வேலை இல்லையாம், உத்தியோகமாம்.

சரித்திரமும் வேண்டாம், சபையும் வேண்டாம். திங்கட்கிழமை சபையைவிட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு உங்கள் வீட்டுக்கே வருகிறேன். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்கள் கூரையை ஒழுகாமல் காப்பாராக.

தங்கள் மருமகன்,
எபநேசர்

பி.கு.: ஞாயிறு மத்தியானம். நான் வரவில்லை. காலையில் பிரசங்கத்தின் நடுவே காற்றோடு பேய்மழை, முன் பெஞ்சுக்கு நேர்மேலே ஓடுகள் பறந்துவிட்டன. மூப்பர் நனைந்தபடி பின்னால் திரும்பினார்.

"சின்னையா, ஏறிப் பாருப்பா."

அண்ணன் பாயைவிட்டு எழவில்லை. "ஓய்வுநாளுங்க. நாளைக்கு வரேன்."

மூப்பர் ஐயரைப் பார்த்தார். ஐயர் வேதப்புத்தகத்தைப் பார்த்தார். தண்ணீர் மூப்பரின் கோட்டுக்குள் இறங்கியது.

"ஏறுப்பா, தப்பில்ல" என்றார் மூப்பர், சபை முழுதும் கேட்க.

"அப்ப எனக்கும் அப்பம் உண்டுங்களா?"

"உண்டு, உண்டு. ஏறு."

அண்ணன் ஏணியை எடுத்தார். சரித்திரத்தில் நான் கிழமையைப் போடப்போகிறேன்.