பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தோற்கிறேன் என்ற அடைப்புக்குறி பாய்

திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்து, ஆவி பறக்க வந்த பிரியாணியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போன ஒரே மனிதர் எங்கள் அடைப்புக்குறி பாய்தான். பிரியாணியின் மேல் குற்றமில்லை. பக்கத்து மேஜையில் ஒரு வக்கீல் தன் மனுவை விரித்து வைத்திருந்தார். அதில் ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டியிருந்தார். வருஷம் இருந்தது, புத்தகத்தின் பெயர் இருந்தது, பக்க எண்ணைக் காணோம். பாய் எட்டிப் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை.

பாயும் வக்கீல்தான். தோல் வியாபாரக் குடும்பத்திலிருந்து கறுப்புக் கோட்டுக்கு வந்தவர். கோர்ட்டுக்கு எதிரே ஒரே அறையில் நானும் அவரும் தொழில் செய்கிறோம். அவருடைய சொந்தப் பெயர் வாசல் போர்டில் மட்டும்தான் இருக்கிறது. டீக்கடையிலிருந்து கோர்ட் டவாலி வரை எல்லோருக்கும் அவர் அடைப்புக்குறி பாய்.

"சைட்டேஷன்ங்கிறது தீர்ப்போட விலாசம் மாப்ள," என்பார், நான் கேட்காவிட்டாலும். "யாருக்கும் யாருக்கும் கேஸு, எந்த வருஷம், எத்தனையாவது தொகுதி, எந்தப் பக்கம், எந்தப் பத்தி. இம்புட்டும் இருந்தாத்தான் ஜட்ஜு போய்க் கதவத் தட்ட முடியும். ஒண்ண விட்டாலும் அடுத்த தெருவுல நிப்பாரு."

அடைப்புக்குறிக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். வருஷம் தெரியாமலே புத்தகத்தை எடுத்துவிடலாம் என்றால், வருஷத்துக்கு வளைந்த அடைப்புக்குறி. வருஷம் இல்லாவிட்டால் புத்தகமே கிடைக்காது என்றால், சதுர அடைப்புக்குறி. மாற்றிப் போட்டவர்களை அவர் திட்டமாட்டார். துக்கம் விசாரிப்பது போலத் தோளில் கை வைப்பார். திட்டியிருந்தாலே தேவலாம் என்றிருக்கும்.

தன் நிக்காஹ் பத்திரிகையை அவரே எழுதி அச்சுக்குக் கொடுத்தாராம். மணமகன் பெயர், மணமகள் பெயர், நடுவில் 'எதிர்'. வழக்குத் தலைப்பு எழுதிப் பழகிய கை. பாதி ஊருக்குக் கொடுத்த பிறகுதான் மாமனார் வீட்டில் கவனித்தார்கள். "அன்னைக்கே எதிர்னு போட்டாச்சுல்ல? அதான் அப்பீலுக்கு மேல அப்பீலா போய்க்கிட்டிருக்கு," என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்கொண்டேதான் எங்களுக்கு டீ கொடுப்பார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த என்னை வாயடைக்க வைத்தது செல்லம்மாவின் வழக்கு.

செல்லம்மாவுக்குக் கீரனூர்ப் பக்கம் தென்னந்தோப்பு. தோப்புக்குப் போகும் வண்டிப் பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். வேன் உள்ளே போக வழியில்லை. வெட்டிய காயெல்லாம் மரத்தடியிலேயே குவிந்து முளைவிடத் தொடங்கிவிட்டது. வேலியைத் திறந்துவிட இடைக்கால உத்தரவு கேட்டுப் பழனி கோர்ட்டில் பாய் மனுப் போட்டிருந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் தன் வாதத்தை எழுதிக் கொடுத்தார். அதில் ஒரே ஒரு தீர்ப்பு. ஆள் நடந்து போக வாய்க்கால் கரை இருந்தால் போதும், வண்டிப் பாதை கேட்க உரிமையில்லை என்று அது சொன்னது. செல்லம்மா தோப்புக்கு வாய்க்கால் கரை இருந்தது. அந்தத் தீர்ப்பு நின்றால் எங்கள் மனு படுத்துவிடும்.

பாய் அதைப் பழனி கோர்ட் வராந்தாவிலேயே நின்று வாசித்தார். கண் கலங்கிவிட்டது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"எம்புட்டு அழகு பாத்தியா மாப்ள! சதுர அடைப்புக்குறி! தொகுதி, பக்கம், பத்தி நம்பரு, ஒண்ணு விடல. இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளா!"

எதிரே நின்ற செல்லம்மா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏனுங்க வக்கீலய்யா, நீங்க நம்ம பக்கமுங்களா, அவிய பக்கமுங்களா?"

"உங்க பக்கம்தாம்மா. ஆனா இம்புட்டு லட்சணமா விலாசம் குடுத்திருக்காரு. போய் ஒரு சலாம் வைக்காம இருந்தா மரியாதையா?"

போனில் தேடினோம், கிடைக்கவில்லை. பழைய தீர்ப்பு, இன்னும் ஏற்றியிருக்க மாட்டார்கள் என்றேன். "அதோட விடுங்க பாய். புத்தகம் கிடைச்சா நமக்குத்தான ஆபத்து?"

"கிடைச்சாக் கிடைக்கட்டும். பக்கத்தப் பாத்துட்டுத் தோக்குறேன் மாப்ள. பாக்காம ஜெயிக்க மனசு வராது."

கட்சிக்காரரை எதிரே வைத்துக்கொண்டு இப்படிச் சொன்ன வக்கீல் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்க முடியாது. செல்லம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பழனி கோர்ட் நூலகத்தில் அந்தத் தொகுதி மட்டும் இல்லை. பஸ் ஏறித் திண்டுக்கல் வந்து, எங்கள் வக்கீல் சங்க நூலகத்தில் ஏணி போட்டு ஏறினார் பாய். புத்தகம் இருந்தது. அந்தப் பக்கமும் இருந்தது. ஆனால் அதில் ஒரு கடைக்காரரும் கட்டடச் சொந்தக்காரரும் வாடகைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலும் இல்லை, கரையும் இல்லை.

நானாக இருந்தால் அங்கேயே துள்ளிக் குதித்திருப்பேன். பாய் அப்படிச் செய்யவில்லை. "டைப் அடிச்சவன் தொகுதிய மாத்தியிருப்பான், பாவம்," என்று முந்தைய தொகுதியை எடுத்தார். அப்புறம் அடுத்த தொகுதி, முன்வருஷம், பின்வருஷம். பக்க எண்ணைத் திருப்பிப் போட்டும் பார்த்தார். எதிராளியின் தீர்ப்பை எப்படியாவது காப்பாற்றிவிட ஒரு மனிதர் தூசியில் தும்மித் தும்மித் தேடியதை அன்றுதான் பார்த்தேன். மலைத்துப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் ஏணியைவிட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"அப்படி ஒரு தீர்ப்பே இல்ல மாப்ள," என்றார். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணே இல்லை என்று தெரிந்தவர் முகம் அது.

விசாரணை நாளன்று வயர்கூடையில் அத்தனை தொகுதிகளையும் அடுக்கிப் பழனிக்குத் தூக்கிப் போனோம். அந்தத் தீர்ப்புக்கு என்ன பதில் என்று நீதிபதியம்மா கேட்டார். பாய் எழுந்தார்.

"அம்மா, விலாசம் ரொம்பச் சுத்தமா இருக்குங்க. நான் போய்க் கதவத் தட்டுனேன். அங்க வேற ஆளு குடியிருக்காரு. அக்கம்பக்கமும் விசாரிச்சிட்டேன். அப்படி ஒருத்தரு அந்தத் தெருவுல பொறக்கவே இல்லைங்க."

கோர்ட்டே சிரித்தது, நீதிபதியைத் தவிர. அவர் தொகுதியை வாங்கிப் புரட்டினார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்தார். அந்த மனிதர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, "அது... போன்ல ஏஐ ஆப்ல கேட்டதுங்க மேடம். அது சொன்னத அப்படியே போட்டுட்டேன்," என்றார். அதையே எழுத்தில் கொடுக்கச் சொல்லிவிட்டு, மற்ற வாதங்களைக் கேட்டார் நீதிபதி. வழக்கு முடியும்வரை வேலியைத் திறந்துவிட வேண்டும் என்று அன்றே உத்தரவு வந்தது.

வராந்தாவில் பாய் அந்த வக்கீலின் தோளில் கை வைத்தார். "அந்த மிஷினுக்கு விலாசம் எழுத நல்லா வருது சார். வீடுதான் கட்டத் தெரியல."

செல்லம்மா விடவில்லை, தோப்புக்கு வந்தே ஆகவேண்டும் என்றார். காய் ஏற்றிய முதல் வேன் அந்தப் பாதையில் குலுங்கிக்கொண்டு வெளியே வந்தது. செல்லம்மா இளநீரை வெட்டிப் பாய் கையில் கொடுத்தார். "தோக்குறேன்னு சொன்னீங்களே, அன்னிக்கே வேற வக்கீல் பாக்கலாமுன்னு இருந்தனுங்க. நல்லவேளை."

திரும்பும்போது பஸ்ஸில் பாய் தன் போனைக் காணாமல் தடவினார். நான் என் போனிலிருந்து அழைத்தேன். அவர் இடுப்பிலேயே மணி அடித்தது. அவரோ என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

"ஏன் மாப்ள சதுரம் போட்டிருக்க?"

"அது இல்லாட்டி கிடைக்காதுன்னா சதுரம்தான போடச் சொன்னீங்க, பாய்?"

பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒட்டன்சத்திரம் வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.